நூலைப் பிடித்தால் கை நடுங்குகிறதா?

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவது முகப்பரு, முடி உதிர்வு, கருவளையம் பற்றிய கேள்விகள்தான். இந்த முறை அழகுக்கலை படித்துவிட்டுப் பார்லர்களில் பயிற்சிக்குப் போகும் பெண்களிடமிருந்து நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. திருச்சியில் பார்லர் நடத்திக்கொண்டே பயிற்சிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பவள் நான். படிக்கப் படிக்க என் கடைப் பெண்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. முகப்பரு அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த இதழ் முழுக்க இவர்களுக்கு.

அக்கா, ஆறு மாதம் அழகுக்கலை படித்துவிட்டு இப்போது ஒரு பார்லரில் பயிற்சிக்குப் போகிறேன். வகுப்பில் எல்லாம் நன்றாகத்தான் செய்தேன். இங்கே கஸ்டமர் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் த்ரெட்டிங் நூலைப் பிடித்த கை நடுங்குகிறது. போன வாரம் ஒருவருக்கு ஐப்ரோ ஒரு பக்கம் ஒல்லியாகிவிட்டது. அன்றிலிருந்து மேடம் கூப்பிட்டாலே ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்றுகொள்கிறேன். எனக்கு இந்த வேலை வருமா?
— 19 வயது வாசகி, மணப்பாறை

தங்கச்சி, வகுப்பில் உன் எதிரே உட்கார்ந்திருந்தவள் உன் தோழி. ஒரு பக்கம் ஒல்லியானால் இருவரும் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர் காசு கொடுத்து வந்தவர், நாளைக்கு நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குப் போகப்போகிறவர். உன் கைக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. முதல் மாதத்தில் பெரும்பாலான பெண்களுக்குக் கை நடுங்கத்தான் செய்யும். நடுங்காத ஓரிருவரைத்தான் நான் பக்கத்திலேயே நின்று கவனிப்பேன்.

இத்தனை பெண்களைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. வேலை கெட்டுப்போனால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாததால்தான் இந்தப் பயம் வருகிறது. வகுப்பில் சரியாகச் செய்யும் விதத்தைச் சொல்லித் தருகிறார்கள், தப்பானால் சமாளிக்கும் விதத்தைச் சொல்வது குறைவு. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பக்கம் ஒல்லியாகிவிட்டால் முதல் வேலை, நூலைக் கீழே வைப்பது. இரண்டையும் சமமாக்குகிறேன் என்று மறு பக்கத்தைத் தொட்டால் அது இன்னும் ஒல்லியாகும், பிறகு முதல் பக்கம் பெரிதாகத் தெரியும், கடைசியில் இரண்டு பக்கமும் கோடாகிவிடும். மேடத்தைக் கூப்பிடு. கஸ்டமரிடம் மறைக்காமல், "இந்தப் பக்கம் கொஞ்சம் கூட எடுத்துட்டேன்க்கா, பென்சில்ல சரி பண்ணித் தர்றேன், தினமும் எப்படி வரையணும்னு காட்டுறேன்" என்று சொல். பென்சிலால் ஒரே கோடாக இழுக்காதே. முடி முளைக்கும் திசையில் சின்னச் சின்னக் கீற்றாகப் போடு. புருவம் பழைய அடர்த்திக்கு வர ஓரிரு மாதம் ஆகும், அதுவரை கீழ்ப்பக்கம் நூல் படவே வேண்டாம் என்றும் சொல்லிவிடு. இமைத் தோலில் நூல் வெட்டிவிட்டால் சுத்தமான பஞ்சால் அழுத்திப் பிடி. அப்புறம் துணியில் சுற்றிய ஐஸ், அதற்குமேல் ஆன்டிசெப்டிக் க்ரீம். பவுடர் போட்டு மறைக்கக் கூடாது. இவ்வளவுதான். இது தெரிந்துவிட்டால் அடுத்த கஸ்டமர் வரும்போது நீ ஸ்டோர் ரூமைத் தேட மாட்டாய்.

இப்போது நடுக்கம். அதில் பாதி நாற்காலி உயரத்தால் வருவது. கஸ்டமரின் தலை உன் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே இருக்கிறதா என்று பார். நாற்காலி தாழ்ந்திருந்தால் நீ குனிகிறாய், கழுத்து இறுகுகிறது, நூலைப் பல்லில் கடித்திருப்பதால் மூச்சையும் பிடித்துக்கொள்கிறாய். கை ஆடாமல் என்ன செய்யும்? உயரத்தைச் சரிசெய்துவிட்டு, சுண்டு விரலை அவர் நெற்றியில் லேசாக ஊன்றிக்கொள். தோலை இழுத்துப் பிடிக்கும் வேலையைக் கஸ்டமரிடமே கொடு. ஒரு கை இமை மேல், ஒரு கை நெற்றியில் இருக்க வேண்டும். அவர் தளர்த்திவிட்டால் உடனே நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் டைட்டா பிடிங்கக்கா" என்று சொல்லத் தயங்காதே. நூல் வெட்டுவது பெரும்பாலும் தளர்ந்த தோலில்தான்.

பயிற்சிக்கு உன் காலே போதும். இரவு சாப்பிட்டு முடித்ததும் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பவுடர் தடவி, பத்து நிமிடம் நூல் போடு. அங்கே தோல் இறுக்கமாக இருக்கும், முடி ஒரே திசையில் சாய்ந்திருக்கும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வலிக்கும் என்பதை உன் தோலே உனக்குச் சொல்லிவிடும். நூலின் முறுக்கு முடியை வேரோடு பிடிக்கிறதா, பாதியில் அறுக்கிறதா என்று விரலால் தடவிப் பார். சொரசொரவென்று இருந்தால் அறுத்திருக்கிறாய், முறுக்கை மெதுவாகத் தள்ள வேண்டும் என்று அர்த்தம்.

கடையில் மேடத்திடம், "எனக்கு இப்போ அப்பர் லிப்பும் நெற்றியும் மட்டும் குடுங்க மேடம்" என்று கேள். அங்கே ஷேப் என்ற கவலை இல்லை. ஒரு முடி விட்டுப்போனால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டும் தயங்காமல் வந்த பிறகு ஐப்ரோவுக்கு வா. வரும்போது நூலுக்கு முன்னால் பென்சிலை எடு. மூக்கின் ஓரத்திலிருந்து நேராக மேலே வைத்தால் புருவம் தொடங்கும் இடம். மூக்கின் ஓரத்திலிருந்து கருவிழியின் வெளி ஓரம் வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி. கண்ணின் கடைக்கோடி வழியாகச் சாய்த்தால் முடியும் இடம். மூன்று புள்ளி வை. கஸ்டமரிடம் கண்ணாடியைக் கொடுத்து, "இப்படி வரும், சரியா?" என்று கேள். அவர் சரி என்று சொன்ன பிறகு உன் வேலை அந்தப் புள்ளிகளுக்கு வெளியே இருப்பதை எடுப்பது மட்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறு பக்கம் போகாதே, மாறி மாறி எடு. படுத்திருப்பவர் முகத்தில் சமமாகத் தெரிவது எழுந்து உட்கார்ந்தால் அப்படித் தெரியாது. அதனால் நடுவில் ஒருமுறையாவது அவரை நேராக உட்காரவைத்துப் பார்.

போன வாரம் நடந்ததைக் கேட்டு உன்னை அங்கிருந்து அனுப்பிவிடவில்லையே, இன்னும் கூப்பிடத்தானே செய்கிறார்கள் உன் மேடம்? அப்படியென்றால் உன்மேல் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது. வரும் தங்கச்சி, உனக்கு இந்த வேலை வரும்.

பயிற்சி என்று சேர்த்துக்கொண்டு மூன்று மாதமாக டவல் துவைப்பது, முடி பெருக்குவது, டீ வாங்கி வருவது மட்டும்தான். கேட்டால் "பார்த்துக் கத்துக்கோ" என்கிறார்கள். இருப்பதா, வெளியே வருவதா?
— வாசகி, கரூர்

நான் கடை நடத்துகிறவள், அதனால் இரண்டு பக்கமும் சொல்கிறேன்.

பெருக்குவதும் டவல் மடிப்பதும் பயிற்சியில் சேராதவை அல்ல. ஒருவருக்குப் போட்ட டவலை அடுத்தவருக்குப் போடாமல் பார்த்துக்கொள்வது, பிரஷ்களை ஷாம்பூ போட்டுக் கழுவித் தலைகீழாகக் காயவைப்பது, பேஷியலுக்கு ட்ராலியை வரிசையாக அடுக்கிவைப்பது எல்லாம் இந்தத் தொழிலின் அடித்தளம். வேக்ஸ் எடுத்த ஸ்பேட்டுலாவை ஒருவர் தோலில் தேய்த்துவிட்டு மறுபடி டப்பாவுக்குள் விடுவது தப்பு என்று ஒரு பெண்ணுக்குக் கையோடு ஊறியிருந்தால், அவளைப் பாதி தயார் என்பேன். ஆனால் இதற்கு ஒரு மாதம் போதும். மூன்று மாதம் ஒரு நாற்காலியையும் தொடவிடாமல் வைத்திருப்பதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டீ வாங்கி வருவது எந்தப் பாடமும் இல்லை.

முதலாளி ஏன் தயங்குகிறார் என்றும் பாருங்கள். தெருவுக்கு ஒரு பார்லர் வந்துவிட்ட காலம் இது. ஒரு கஸ்டமர் முகம் சுளித்துக்கொண்டு போனால் அவரோடு அவர் அக்கா, தங்கை, பக்கத்து வீடு எல்லாம் போய்விடும். அந்தப் பயத்தைப் போக்கும்படி நீங்கள் கேட்க வேண்டும். "எனக்கும் வேலை கொடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். "வர்ற செவ்வாய்க்கிழமை என் அத்தையைக் கூட்டிட்டு வர்றேன் மேடம், கைக்கு வேக்ஸிங் நான் பண்றேன், பொருள் காசு அவங்க கொடுத்திடுவாங்க, நீங்க பக்கத்துல நின்னு பார்த்தா போதும்" என்று கேளுங்கள். நம் பக்கத்தில் செவ்வாய், வெள்ளியில் முடியிலும் நகத்திலும் கை வைக்கப் பலர் சம்மதிக்க மாட்டார்கள். வெள்ளியிலாவது பேஷியலுக்குக் கூட்டம் வரும், செவ்வாய் மதியம் பல கடைகள் காலியாகத்தான் கிடக்கும். ஆடியும் மார்கழியும் அப்படியே. கல்யாணம் இல்லாத மாதங்கள், மேடத்துக்கு உங்கள் பக்கத்தில் நிற்க நேரம் இருக்கும். வைகாசி முகூர்த்த வாரத்தில் போய்க் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால் யாராலும் முடியாது.

முதலில் எதைக் கேட்பது என்றால், தலை அலசுவதைக் கேளுங்கள். யாரும் போட்டிக்கு வராத வேலை, கஸ்டமரின் நம்பிக்கையைச் சம்பாதிக்க அதைவிட நல்ல வேலை இல்லை. கண்ணை மூடிக் கழுத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பார். தண்ணீரை உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். வாஷ் பேசின் விளிம்பில் கழுத்து படும் இடத்தில் டவலைச் சுருட்டி வையுங்கள். இது சொகுசுக்காகச் சொல்வது இல்லை. பார்லர் பேசினில் கழுத்தைப் பின்னால் அதிகம் மடக்கிப் படுத்தபின் பக்கவாத அறிகுறிகள் வந்த ஐந்து பெண்களைப் பற்றி 1993-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒருவர் மருத்துவ இதழில் எழுதினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்தெலும்பை ஒட்டிப் போகிறது, மடங்கினால் அது நசுங்கலாம். அபூர்வமாக நடப்பதுதான், ஆனாலும் வயதானவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். "தலை சுத்துதா, கழுத்து வலிக்குதா" என்று நடுவில் கேளுங்கள், ஆமாம் என்றால் உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள். இப்படிக் கேட்கும் பெண்ணைக் கஸ்டமர் பெயர் கேட்டுவிட்டுப் போவார். அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேடம் தலைக்குக் கலர் கலக்கும்போது எந்த டெவலப்பர் (கலரோடு சேர்க்கும் பெராக்சைடு) எடுத்தார், யாருடைய முடிக்கு, எத்தனை நிமிடம் விட்டார் என்று எழுதுங்கள். 10 வால்யூம் என்றால் 3 சதவீத பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9. இதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும். நரைத்த முடிக்கு மேடம் ஏன் 20 எடுத்தார் என்று அன்றே கேட்டு எழுதினால் மறக்காது. "பார்த்துக் கத்துக்கோ" என்றார்கள் அல்லவா, பார்த்ததைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

இவ்வளவும் செய்து இன்னும் ஒரு மாதம் பாருங்கள். அப்போதும் துடைப்பம்தான் என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு கடை பாருங்கள். பெரிய கண்ணாடிக் கடையைவிட, ஒரு மேடமும் ஒரு பெண்ணும் மட்டும் இருக்கும் சின்னக் கடையில் கை சீக்கிரம் வரும்.

"இந்தச் சின்னப் பொண்ணா? வேண்டாம், நீங்களே பண்ணுங்க மேடம்" என்று கஸ்டமர் என் எதிரிலேயே சொல்கிறார்கள். அழுகை வந்துவிடுகிறது.
— வாசகி, புதுக்கோட்டை

அவர் உங்களைச் சொல்லவில்லை, தன் முகத்தைப் பற்றிய கவலையைச் சொல்கிறார். "சரிங்கக்கா, மேடமே பண்ணுவாங்க, நான் கூட இருந்து எடுத்துக் கொடுக்குறேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். நகர்ந்து போகாதீர்கள். மேடம் பேஷியல் செய்தால் ஸ்டீமரைத் தயார் செய்வது, பேக் காயும் நேரத்தில் கை, கால் பிடித்துவிடுவது என்று ஏதாவது ஒரு வேலை உங்கள் கையில் இருக்கட்டும். கை தொட்டவுடனே கஸ்டமருக்குத் தெரியும், இந்தப் பெண் அவசரப்படுகிறவளா, நிதானமானவளா என்று. உள்ளங்கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள்.

மேடங்களுக்கும் ஒரு வார்த்தை. "இவ புதுசு" என்று அறிமுகம் செய்யாதீர்கள். "அப்பர் லிப் இவ நல்லா எடுப்பா, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி அந்தப் பெண்ணுக்கு ஒரு வாரத்துக்குக் காணும்.

பேஷியலுக்கு வந்த ஒருவருக்கு ப்ளீச் போட்டேன். பாக்கெட்டில் போட்டிருந்த அளவில்தான் கலந்தேன். ஐந்து நிமிடத்தில் எரிகிறது என்று கத்திவிட்டார், முகமெல்லாம் சிவந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். நான் செய்த தப்பு என்ன?
— வாசகி, பெரம்பலூர்

கலவையில் தப்பு இருந்திருக்காது. கலப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் விட்டுப்போயிருக்கின்றன. அவற்றை உங்களுக்குச் சொல்லித்தராமல் ப்ளீச்சைக் கையில் கொடுத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு இஷ்டமில்லை.

முகத்தில் எதைப் போடுவதற்கு முன்னும் நான் என் பெண்களைக் கேட்கச் சொல்வது இவை. முகத்துக்கு என்ன க்ரீம் போடுகிறீர்கள்? எவ்வளவு நாளாக? பருவுக்கு டாக்டர் மாத்திரை ஏதாவது கொடுத்திருக்கிறாரா? கடைசியாக எப்போது த்ரெட்டிங், வேக்ஸிங் செய்தீர்கள்? முன்பு ப்ளீச்சோ டையோ போட்டு அரித்திருக்கிறதா? கர்ப்பமாக இருக்கிறீர்களா?

முதல் கேள்வியில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. "வெள்ளையாக்கும் க்ரீம்" என்று மெடிக்கல் ஷாப்பில் ட்யூப் வாங்கி மாதக்கணக்கில் பூசும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். அதில் பலவற்றில் இருப்பது பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும், அப்புறம் தோல் மெலிந்துவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு இந்த வகை க்ரீம்கள் பலவற்றை ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. இருந்தும் பழக்கம் நிற்கவில்லை. இப்படிப்பட்ட முகத்தை அடையாளம் காண முடியும். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரியும், பூனைமுடி அதிகமாக இருக்கும், வெயிலில் நடந்து வந்தவர் முகம் வெகுநேரம் சிவந்தே இருக்கும். "அந்தக் க்ரீமை ரெண்டு நாள் விட்டா எரியுதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ப்ளீச் வேண்டாம், வேக்ஸிங் வேண்டாம், ஸ்க்ரப்பும் வேண்டாம். தோல் டாக்டரிடம் அனுப்புங்கள். க்ரீமைத் திடீரென்று நிறுத்தச் சொல்வதும் நம் வேலை இல்லை, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேக்ஸிங் கூடாது, மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை கூடாது. வேக்ஸோடு தோலும் உரிந்து வந்துவிடும். த்ரெட்டிங் செய்த கையோடு ப்ளீச் போடுவதும் அப்படித்தான், முடி வந்த இடமெல்லாம் எரியும்.

பேட்ச் டெஸ்ட்டை எல்லோரும் நேரமில்லை என்று தாண்டிவிடுகிறார்கள். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு சொட்டு வைத்து மறுநாள்வரை பார்ப்பதற்கு என்ன செலவு? ஹேர் டை என்றால் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனத்துக்கு வரும் ஒவ்வாமை அன்றே காட்டாது, ஓரிரு நாள் கழித்து முகம் வீங்கிப்போய் நிற்கும். "போன தடவை போட்டப்ப ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். ஒவ்வாமை எந்தத் தடவையிலும் தொடங்கலாம்.

சரி, எரிகிறது என்று சொல்லிவிட்டார். என்ன செய்ய வேண்டும்? "கொஞ்சம் எரியத்தான் செய்யும், பொறுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஈரப் பஞ்சால் ப்ளீச்சை வழித்தெடுத்து, குளிர்ந்த சாதாரணத் தண்ணீரால் நிறைய நேரம் கழுவுங்கள். ஐஸ் கட்டியை நேராகத் தேய்க்க வேண்டாம். எலுமிச்சை, டூத் பேஸ்ட், ரோஸ் வாட்டர் எதுவும் வேண்டாம். அன்று பேஷியலும் கிடையாது, எவ்வளவு கேட்டாலும். தோல் கொஞ்ச நேரத்தில் அடங்கினால் மணமில்லாத மாய்ஸ்சரைசரோ சுத்தமான கற்றாழை ஜெல்லோ போட்டு, இரண்டு மூன்று நாள் வெயிலைத் தவிர்க்கச் சொல்லி அனுப்புங்கள். கொப்புளம் வந்தாலோ கண் வீங்கினாலோ டாக்டரிடம் கூட்டிக்கொண்டே போங்கள். மறுநாள் காலை போன் செய்து விசாரியுங்கள். திட்டியவர்களே அந்தப் போனுக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறார்கள்.

"உங்களுக்கு இன்னைக்கு ப்ளீச் வேண்டாம்க்கா" என்று ஒரு பயிற்சிப் பெண் காரணத்தோடு சொல்வதை நான் பார்க்கும் நாளில்தான் அவளுக்குத் தனி நாற்காலி கொடுக்கிறேன்.

எனக்கு 41 வயது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பத்தாவது படித்திருக்கிறேன். இப்போது பார்லர் வேலை கற்றுக்கொள்ள ஆசை. கையில் பெரிதாகப் பணம் இல்லை. மாமியார் "போயும் போயும் முடி வெட்டற வேலையா" என்கிறார்.
— வாசகி, துறையூர்

சகோதரி, 41 வயது இந்தத் தொழிலில் உங்களுக்கு அனுகூலம். மேலே அந்தப் புதுக்கோட்டைப் பெண் அழுகிறாளே, "சின்னப் பொண்ணு வேண்டாம்" என்று, அந்தச் சொல் உங்களுக்கு வராது.

பணம் கட்டிப் படிப்பதற்கு முன் இவற்றை விசாரியுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது, ஆர்செட்டி என்பார்கள். 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சியைப் பார்த்து நாடு முழுக்க வந்தவை இவை. பார்லர் பயிற்சியும் அங்கே உண்டு. பயிற்சியும் சாப்பாடும் இலவசம், முடித்தபின் கடனுக்கு வழிகாட்டுவார்கள். நீங்கள் பட்டியல் இனத்தைச் சேர்ந்தவர் என்றால் தாட்கோ அலுவலகத்திலும் கேளுங்கள், அழகுக்கலைப் பயிற்சிக்கு அவ்வப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள். முழு வருடம் ஒதுக்க முடியும் என்றால் ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி பிரிவு இருக்கிறது, ஒரு வருடம். எந்த ஐடிஐயில் நடக்கிறது, வயது வரம்பு என்ன என்பதை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் வகுப்பு என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வாரத்துக்கு எத்தனை நாள் உண்மையான ஆள் மேல செய்யவிடுவீங்க?" டம்மி தலையிலும் ப்ரொஜெக்டரிலும் நடக்கும் வகுப்புக்கு அதிகக் கட்டணம் கட்டாதீர்கள். சான்றிதழ் அட்டையின் தடிமனைப் பார்த்தும் ஏமாற வேண்டாம்.

மாமியார் சொல்வதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். முடி வெட்டுபவர்களைத் தெருக்கோடியில் நிற்கவைத்த பழைய சாதிப் பார்வை அது. அவர்களில் பலர் வைத்தியமும் பார்த்தார்கள், அந்த வீட்டுப் பெண்கள் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். ஒருவர் தலையைத் தொட்டுச் செய்யும் வேலையில் தாழ்வு எதுவும் இல்லை என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். மாமியாரிடம் வாதாட வேண்டாம். ஒரு நாள் அவர் பாதத்தை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, குதிகால் வெடிப்பைத் தேய்த்து, நகம் வெட்டி, எண்ணெய் தடவிவிடுங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் மட்டும் ஊறவைக்காமல், ப்ளேடு படாமல், மெதுவாகத் துடைத்துச் செய்யுங்கள். உங்கள் முதல் பெடிக்யூர் பயிற்சியும் அதுவே.

மணப்பெண் மேக்கப் செய்பவரிடம் உதவியாளராகப் போகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபத்தில் நிற்கிறேன். ஆனால் முகத்தில் பிரஷ் வைக்க இதுவரை விடவே இல்லை.
— வாசகி, தஞ்சாவூர்

இன்னும் கொஞ்ச நாள் விட மாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் இரண்டாம் முறை செய்துபார்க்க அங்கே நேரமில்லை.

அதுவரை புடவையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாளே பட்டுப்புடவைக்கு முந்தானை மடிப்பும் கொசுவமும் எடுத்து, அயர்ன் செய்து, க்ளிப் போட்டுப் பெட்டி போல மடித்துவைக்கும் வேலைக்கு இன்றைக்குத் தனியாகவே ஆள் தேடுகிறார்கள். உங்கள் அம்மாவின் கல்யாணப் புடவையை எடுத்துப் பழகுங்கள். ஜரிகை கனமான புடவையின் மடிப்பு நழுவும், மென்பட்டு மடிப்பு உப்பும், இரண்டுக்கும் விரல் வேறு மாதிரி பிடிக்க வேண்டும். அடுத்து ஜடை. சவுரி வைத்துப் பின்னி, பூ தைத்த ஜடையை ஊசி முனை தலையில் குத்தாமல் கட்டி நிறுத்துவது, மணமேடையில் மூன்று மணி நேரம் குனிந்து நிமிர்ந்தாலும் அது இறங்காமல் பார்ப்பது. இதைச் சரியாகச் செய்கிறவரை எந்த மேக்கப் ஆர்ட்டிஸ்ட்டும் விட மாட்டார்.

மேக்கப் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஹோமப் புகையில் பெண்ணுக்குக் கண்ணில் நீர் வரும், மூக்கின் ஓரம் வியர்க்கும். டிஷ்யூவால் துடைக்காமல் ஒற்றி எடுத்து, பவுடர் பஃப்பால் அழுத்திவிடும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முகத்தில் உங்கள் கை முதலில் படப்போவது அப்படித்தான். அந்த நேரத்தில் எந்த பேஸ் கரைந்தது, எது நின்றது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். பெண்ணின் அம்மா, சித்தி, அத்தை எல்லாம் கடைசி நேரத்தில் "எங்களுக்கும் கொஞ்சம் போட்டு விடும்மா" என்று வருவார்கள். உங்கள் மேக்கப் அக்காவிடம் முன்கூட்டியே, "அவங்களை நான் பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டுவையுங்கள்.

நூலை வாயில் கடித்து த்ரெட்டிங் செய்வது சுத்தமா? சில கஸ்டமர்கள் முகம் சுளிக்கிறார்கள்.
— வாசகி, அரியலூர்

சுளிப்பது நியாயம். நூல் ஒவ்வொருவருக்கும் புதிதாக வெட்டியதாக இருக்க வேண்டும். வாயில் இருக்கும் பகுதி தோலில் படக் கூடாது. சளி, இருமல் இருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு வேறு வேலை பாருங்கள். நூலைக் கழுத்தில் மாட்டிச் செய்யும் முறை இருக்கிறது. முதல் இரண்டு வாரம் கை மெதுவாகத்தான் போகும், பிறகு பழகிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் ஆரம்பத்திலிருந்தே அந்த முறையில் பழகினால் நல்லது. பழைய பழக்கத்தை மாற்றும் சிரமம் உங்களுக்கு இருக்காது.